அக்னி நட்சத்திரமும் ஆறு பொறிகளும்: வெயிலில் உழைப்பவர் விரதம் இருப்பது எப்படி?

ஓம் சரவணபவ!



கத்திரி ஆரம்பிச்சாச்சு. திண்டுக்கல் மார்க்கெட்டில் மூட்டை இறக்குற ஒரு தம்பி போன வாரம் நம்ம குழுவில் ஒரு கேள்வி கேட்டார். "வைகாசி விசாகம் வரைக்கும் விரதம்ணே. பகல்ல பச்சத்தண்ணி கூட வாயில படக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். பதினொரு மணிக்கு லோடு இறக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருது. தண்ணி குடிச்சா விரதம் முறிஞ்சிருமா?"

ஆளாளுக்கு ஒரு பதில் போட்டாங்க. "முருகன் பாத்துக்குவான்" என்று சிலர் வேல் படம் போட்டுட்டு நகர்ந்துட்டாங்க. எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. நம்ம புராணமும் பழனி வழக்கமும் இதுக்கு என்ன சொல்லுதுன்னு நிதானமா பார்க்கலாம் வாங்க.

முதலில் அக்னி நட்சத்திரம் என்றால் என்ன? சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணி முதல் பாதம் வரை போகிற காலம். ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. கார்த்திகை நட்சத்திரத்துக்கு அதிதேவதை அக்னி. நம்ம சாமிக்குப் பால் கொடுத்து வளர்த்தவர்களும் அதே கார்த்திகைப் பெண்கள்தான். அதனால்தான் அவன் கார்த்திகேயன். ஊரே "எப்படா முடியும்" என்று திட்டுகிற இந்தக் காலம், முருகனுக்கு ஒரு வகையில் தாய்வீட்டுக் காலம்.

இப்போ கந்தபுராணத்துக்கு வருவோம். சிவபெருமானின் நெற்றிக்கண்களிலிருந்து ஆறு தீப்பொறிகள் புறப்பட்டன என்று எல்லோரும் சொல்வோம். அடுத்து நேராகச் சரவணப் பொய்கை, தாமரை, ஆறு குழந்தைகள் என்று தாவிவிடுவோம். நடுவில் நடந்ததைக் கச்சியப்ப சிவாச்சாரியார் விட்டுவிடவில்லை. பொறிகளின் வெப்பம் தாங்காமல் தேவர்கள் சிதறி ஓடினார்கள். உமையம்மையே விலகிப் போனாள். அந்தப் பொறிகளைக் கங்கையில் சேர்க்கும் வேலை வாயுவுக்கும் அக்னிக்கும் கொடுக்கப்பட்டது. வாயு கொஞ்ச தூரம் சுமந்து களைத்துப் போக, அக்னி வாங்கிச் சுமந்தான். அவனும் தளர்ந்து கங்கையிடம் சேர்த்தான். கங்கையின் நீரே வற்ற ஆரம்பிக்க, அவள் கொண்டுபோய்ச் சரவணத்தில் விட்டாள். சரவணம் என்றால் நாணல் காடு. நாணல் சூழ்ந்த குளிர்ந்த பொய்கையில்தான் அந்த நெருப்பு குழந்தையானது.

கவனிச்சுப் பாருங்க. நெருப்புக்கே தலைவனான அக்னியால் கூட அந்தச் சூட்டைக் கடைசி வரைக்கும் தனியாகச் சுமக்க முடியவில்லை. வாயு "என்னால முடியலை" என்று கைமாற்றியதைப் புராணம் குறையாகச் சொல்லவே இல்லை. முறை வைத்துச் சுமந்தார்கள், சேர வேண்டிய இடம் தண்ணீராக இருந்தது. மூட்டை தூக்குகிற தம்பிக்கு இதைவிட என்ன பிரமாணம் வேண்டும்?

இனி பழனி வழக்கம். சித்திரை கடைசி 7 நாள், வைகாசி முதல் 7 நாள், ஆக 14 நாள் அங்கே அக்னி நட்சத்திரத் திருவிழா. பக்தர்கள் கிரிவலம் வருவது அதிகாலையிலும் மாலையிலும். கடம்பப்பூ வாசமும் மலைக்காற்றும் உடம்புக்கு நல்லது என்று பெரியவங்க சொல்வாங்க. உச்சி வெயிலில் தார்ரோட்டில் சுத்தினால்தான் புண்ணியம் என்று யாரும் வைக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணியைத் தீர்த்தக்காவடியாக எடுத்து வந்து சாமிக்கு அபிஷேகம் நடக்கும். ராத்திரி ராக்காலச் சந்தனம் சாத்துவாங்க. வெயில் காலத்தில் தண்டாயுதபாணிக்கே தண்ணீரும் சந்தனமும் கொடுக்கிற நாம், அவனைக் கும்பிட்டுட்டு வேலைக்குப் போகிற மனுஷனுக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுக்க யோசிக்கிறோம்!

சரி, உடம்புக் கணக்கு. நம்ம ஊர் வெயில் கொஞ்சம் தந்திரமானது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைக் கொடைக்கானல் மலைகள் தடுத்துக்கொள்வதால் கீழே சமவெளி காய்ந்து கிடக்கும். வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ஞ்சிடும். சட்டை நனையாததால் "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று நினைப்போம். சாயங்காலம் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு தெரியுதா? அவ்வளவும் உங்க உடம்பிலிருந்து போனது. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை செய்கிறவங்களுக்குக் கதை வேற. நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரப்பதம் வைத்திருப்பார்கள், அதனால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. வெளியே இருப்பவருக்கு ஈரத்துண்டு நன்றாக வேலை செய்யும். மில்லுக்குள் இருப்பவருக்குக் காற்றோட்டமும் இடைவேளையும்தான் முக்கியம்.

கத்திரிதான் உச்சம் என்றும் நம்பி இருக்க வேண்டாம். 2024-ல் ஏப்ரல் கடைசியிலேயே ஈரோடு, கரூர் பரமத்தி, சேலம் எல்லாம் கொதிச்சது. மே 7-லிருந்து கொடைக்கானல் போக இ-பாஸ் என்று உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது, அவ்வளவு கூட்டம் மலை ஏறியது. மலை ஏற வழியுள்ளவர்கள் ஏறினார்கள். மூட்டை தூக்குகிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர், நிலக்கோட்டையில் பூப்பறிக்கிறவர் எல்லாம் கீழேதான் இருந்தார்கள்.

தம்பியோட கேள்விக்கு நேராகவே சொல்றேன். வெயிலில் உடல் உழைப்பு செய்கிற நாளில் தண்ணீர் குடிங்க. விரதம் முறியாது. நோயாளி, கர்ப்பிணி, வயசானவர், குழந்தை இவங்களுக்குப் பெரியவங்க எப்பவுமே தளர்வு கொடுத்திருக்காங்க. வெயிலில் உழைக்கிறவரையும் அந்த வரிசையில் சேர்க்கணும் என்பது என் கருத்து. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காம, கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். அதுக்காக ஒரே மூச்சில் குடம் குடமாகவும் குடிக்கக்கூடாது, மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் உப்பு. நம்மில் பலர் உப்பில்லா விரதம் இருப்போம். வீட்டில் நிழலில் இருந்தால் பரவாயில்லை. வியர்வையில் உப்பு போய்க்கிட்டே இருக்கும்போது வெறும் தண்ணியை மட்டும் ஊத்தினால் தலைவலி, குமட்டல், கை கால் பிடிப்பு எல்லாம் வரும். இளநீர் நல்லதுதான், ஆனா அதில் சோடியம் குறைவு, அது மட்டும் போதாது. உப்பு போட்ட நீர்மோர் குடிங்க. இல்லைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வச்சுக்கோங்க. உப்பு இல்லாமல்தான் இருக்கணும் என்று வேண்டுதல் இருந்தால், அதை வார லீவு நாளுக்கு மாத்திக்கோங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்காமல் விரதமே எடுக்க வேண்டாம்.

புதுசா வேலைக்குச் சேர்ந்தவர், ஊருக்குப் போய்ட்டு ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பினவர், இவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் கொடுக்கணும், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டணும். நம்ம ஊரில் தலைகீழ். புது ஆள்தானே என்று வெயில் பக்கம் நிறுத்துவோம். மேஸ்திரியாக இருக்கும் பக்தர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைங்க.

நேரத்தை மாத்துறது சோம்பேறித்தனம் என்று நினைக்கும் முதலாளிகளுக்கு ஒன்று சொல்லணும். கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கு. நம்ம ஊர்ப் பிள்ளைகளே அங்கே அந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறாங்க. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடைக்குக் குளிர்ந்த குடிநீர் வைக்கணும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நிவாரணம் வாங்குகிற நிலைக்கு எந்தக் குடும்பமும் போகக்கூடாது. விடியற்காலை 4 மணிக்கு லோடு ஆரம்பித்து 11-க்குள் முடிப்பது, மிச்சத்தைச் சாயங்காலம் வைப்பது, ரெண்டு பேர் முறை வைத்து மாறி மாறித் தூக்குவது எல்லாம் கூடிப் பேசினால் நடக்கிற காரியம். ஒருத்தர் தனியாகக் கேட்டால் "நாளைக்கு வராதே" என்பாங்க. சேர்ந்து கேளுங்க.

கடைசியா, இதை மட்டும் எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. கூட வேலை செய்கிறவர் உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பவாதம். வியர்வை இருந்தாலும் அதுதான், இல்லைன்னாலும் அதுதான். உடனே 108-க்கு ஒருவர் போன் போடணும். மத்தவங்க நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறணும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் கட்டியோ ஈரத்துணியோ வைங்க. நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணி ஊத்தவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். விபூதி பூசுங்க, கந்தா என்று கூப்பிடுங்க, ஆனா ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணி ஊத்துவதை நிறுத்தாதீங்க.

வைகாசி விசாகத்துக்குப் பால்குடம் எடுக்கிறவங்க காலை 8 மணிக்குள் சன்னதி சேருகிற மாதிரி கிளம்புங்க. வழியில் நீர்மோர்ப் பந்தல் போட ஆள் தேவை, பேர் கொடுக்க விரும்புறவங்க குழுவில் சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!