ஜெப விண்ணப்பமும் நோயாளியின் இரகசியமும்

ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் பலர் அமர்ந்தவுடன் கேட்பது நோயைப் பற்றியன்று. "இங்கே சொல்வது வெளியே போகாதல்லவா?" என்றே கேட்கிறார்கள். சிலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் திரும்பிப் பார்க்கிறார்கள். "ஒருபோதும் போகாது" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையன்று. எது எங்களோடு நிற்கும், எது நிற்க இயலாது என்பதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம். இதற்கு உண்மையான நோயாளி எவருடைய வாழ்க்கையையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளவில்லை. பெயரை மாற்றி எழுதினாலும் ஊரார் கண்டுகொள்வர். ஆகவே கீழே வருவது கற்பனையே.

ஓர் இளம் தாய். குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. குழந்தையைத் தூக்கவே மனம் வரவில்லை என்பதை முதன்முறையாக ஆலோசகரிடம் அழுதுகொண்டே சொல்கிறார். பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு அது. மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகக் கூடியது. ஆலோசகரோ நல்ல மனமுடையவர். அன்று மாலை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், "நம் சகோதரியின் மனச்சோர்வு நீங்க ஜெபியுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் அந்தத் தாயின் கையைப் பற்றி, "எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். மாமியாருக்கும் செய்தி எட்டுகிறது. அடுத்த வாரம் அவர் ஆலோசனைக்கு வரவில்லை, மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

இதில் தீய எண்ணம் கொண்டவர் எவருமில்லை. நீதிமொழிகள் நூல் புறங்கூறுதலைப் பலமுறை கண்டிக்கிறது; ஆனால் கிறிஸ்தவ ஆலோசனையில் இரகசியம் பெரும்பாலும் புறங்கூறுதலாக வெளியேறுவதில்லை, ஜெப விண்ணப்பமாகவே வெளியேறுகிறது. பக்தியின் உருவத்தில் வருவதால் அதைத் தடுக்கவும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. வாட்ஸ்அப் ஜெபக் குழுக்கள் வந்தபின் இது இன்னும் விரைவாக நடக்கிறது.

ஆகவே ஜெபிப்பதற்கு முன் நோயாளியிடம் அனுமதி கேட்பதை நாங்கள் முறையாகக் கொண்டிருக்கிறோம். இப்போது உங்களோடு ஜெபிக்கலாமா? பிறரிடம் சொல்லலாமா? சொன்னால் பெயரோடா, பெயரின்றியா? எந்த வார்த்தைகளில்? "சுகவீனமாயிருக்கும் ஒருவருக்காக" என்று சொல்லி ஜெபித்தாலே போதும். கடவுளுக்கு நோயின் பெயரை நாம் அறிவிக்க வேண்டியதில்லை. ஜெபம் வேண்டாம் என்பவரும், வேறு சமயத்தைச் சேர்ந்தவரும் அதே ஆலோசனையைப் பெறுவர். படுக்கையில் இருப்பவரின் பலவீனத்தைச் சமயப் பரப்புதலுக்கு வாய்ப்பாகக் கொள்வது ஒழுக்கக்கேடு என்றே கருதுகிறோம்.

கத்தோலிக்க நோயாளிகள் சிலர் ஆலோசனையையும் பாவசங்கீர்த்தனத்தையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். குருவானவரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தின் முத்திரை எக்காரணத்தாலும் உடைக்கப்படலாகாது. அதை மீறும் குருவுக்கு 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கமே தண்டனை விதித்திருக்கிறது. ஆலோசகரின் நிலை அவ்வாறன்று. அவருடைய மௌனத்திற்கு எல்லை உண்டு. அந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லாத ஆலோசகர் நோயாளியை ஏமாற்றுகிறார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. பிறரைத் தீங்கிலிருந்து காக்கச் சொல்லும்போதுங்கூட, அத்தீங்கைத் தடுக்கத் தேவையான அளவே சொல்லலாம். சட்டம் மருத்துவப் பணியாளரைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் போதகர்களுக்கும் அதே அளவுகோலை வைத்திருக்கிறோம். தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் காவல்துறை வருமோ என்று அஞ்சிப் பலர் மறைக்கிறார்கள். அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றித் தண்டிக்கலாகாது என்கிறது. தயவுசெய்து சொல்லுங்கள்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குடும்ப மானமோ சபையின் நற்பெயரோ இதற்கு விலக்காகாது. எச்.ஐ.வி. தொற்று பற்றிய செய்தியை நோயாளியின் சம்மதமின்றி வெளியிட 2017-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் தடை செய்கிறது. வாழ்க்கைத் துணைக்குத் தொற்றும் ஆபத்து பெரிதாயிருந்து, நோயாளியும் சொல்லமாட்டார் என்று உறுதியானால், அவருக்கு முன்னறிவித்த பின்னரே துணையிடம் சொல்ல வழியுண்டு. மாமியாரிடமும் ஆயரிடமும் சொல்ல வழியில்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "என் மனைவிதானே, என்ன சொன்னாள்?" என்று கேட்கும் கணவருக்கு எங்களால் பதில் சொல்ல இயலாது. அவர் சம்மதித்தால் மூவரும் சேர்ந்து அமரலாம். "அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்" என்ற வேண்டுகோள் இதைவிடக் கடினமானது. கேட்காதவரிடம் நாங்கள் வலிந்து சொல்வதில்லை. ஆனால் அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டோம், மருத்துவரை அழைப்போம். அப்பாக்கள் பெரும்பாலும் முன்பே ஊகித்திருக்கிறார்கள் என்பது எங்கள் அனுபவம்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் இரகசியமும் இரகசியமே. களைப்பு மிகுந்து, "இது எப்போது முடியும்" என்று நீங்கள் எங்களிடம் சொல்லியிருக்கலாம். அது படுக்கையிலிருப்பவர் காதுக்குப் போகாது.

பொது வார்டில் இரு கட்டில்களுக்கிடையே இருப்பது ஒரு துணித்திரை மட்டுமே. ஆலோசகர் அங்கேயே பேசத் தொடங்கினால், தனியறைக்குப் போகலாம் என்று கேளுங்கள். நடக்க இயலாதவர்களைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்லச் செவிலியர் உதவுவர்.