ஒரு பாய் அளவு இடம்

கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், நகரை அடைவதற்குச் சற்று முன்பாக அமைந்துள்ள ஊர் பெருமாள்மலை. அங்குள்ள 'போதி ஜென்டோ' தியான மையத்தை 1996-ஆம் ஆண்டில் நிறுவியவர், ஆமா சாமி என்று அழைக்கப்பெறும் இயேசு சபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமி. ஜப்பானில் யமதா கோவுன் என்னும் ஜென் ஆசானிடம் பயின்று, கற்பிக்கும் உரிமை பெற்றுத் திரும்பிய தமிழர் அவர்.

அத்தகைய மையத்தில் சில நாள் தங்கி அமர்ந்து பழகுவது எளிது. மணி ஒலிக்கிறது, அனைவரும் அமர்கின்றனர், நாமும் அமர்கிறோம். இரவுப் பேருந்தில் பெங்களூர் திரும்பிய மறுநாள் காலையில்தான் சிக்கல் தொடங்குகிறது. அடுக்ககத்தின் இரண்டு படுக்கையறை வீட்டில் எங்கே அமர்வது? ஒரு நாள் கூடத்தில், மறுநாள் கட்டில்மீது, அதற்கு மறுநாள் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில். இவ்வாறு இடம் இல்லாமலே பலரது பயிற்சி ஒரு திங்களுக்குள் நின்றுவிடுகிறது. இக்கட்டுரையாளரின் பயிற்சியும் முதல் முறை அவ்வாறே நின்றது.

எவ்வளவு இடம் தேவை?

'தியானம்' என்னும் வடசொல்லே சீனத்தில் 'சான்' என்றும், ஜப்பானில் 'ஜென்' என்றும் திரிந்தது. அதனைச் சீனத்திற்குக் கொண்டு சென்றவராகப் போற்றப்படும் போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மைந்தர் என்று பழைய சீன நூல்கள் கூறுகின்றன. அவர் ஊர் காஞ்சிபுரம் என்பது மரபு. ஒன்பது ஆண்டுகள் அவர் ஒரு சுவரை நோக்கி அமர்ந்திருந்ததாகக் கதை உண்டு. கதை எதுவாயினும், அதில் வருவது ஒரு மனிதரும் ஒரு சுவரும் மட்டுமே.

ஜப்பானிய ஜென் மடங்களில், பயிற்சித் துறவி ஒவ்வொருவருக்கும் கூடத்தில் அளிக்கப்படுவது ஒரு பாய் அளவு இடம். ஏறத்தாழ 6 அடி நீளம், 3 அடி அகலம். தியானமும் உறக்கமும் அப்பாயின் மீதே. அமர்வதற்கு மட்டும் அதில் பாதி போதும்: 3 அடிக்கு 3 அடி, அதாவது 9 சதுர அடி. 1,000 சதுர அடி வீட்டில் இது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே நம்மிடம் குறைவது பரப்பளவு அன்று. நாள்தோறும் மாறாத ஓரிடம் என்னும் உறுதியே.

இடத்தைத் தேர்வது எப்படி?

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜப்பானிய ஆசான் டோகன், தியானத்திற்கென எழுதிய சிறு வழிகாட்டியில் அமைதியான அறை, கனத்த விரிப்பு, அதன்மேல் ஒரு திண்டு ஆகியவற்றையே கூறுகிறார். அவற்றை நம் வீட்டிற்குப் பொருத்திப் பார்க்கலாம்.

சுவர்: டோகன் வழிவந்த சோட்டோ மரபினர் சுவரை நோக்கி அமர்வர். கண்களை முற்றிலும் மூடாமல், பார்வையை ஏறத்தாழ 3 அடி தொலைவில் தாழ்த்தி வைப்பது வழக்கம். ஆதலால் எதிரில் நாட்காட்டியோ புகைப்படமோ தொலைக்காட்சியோ இல்லாத வெற்றுச் சுவர் நன்று.

ஒளி: பெங்களூரில் ஜூன் தொடக்கத்தில் 6 மணிக்குச் சற்று முன்னரே கதிரவன் எழும், ஜனவரியிலோ 6.45-ஐ ஒட்டியே எழும். சாளர ஒளியை மட்டும் நம்பினால் ஆண்டின் ஒரு பகுதி இருளில் கழியும். முதுகுப்புறம் ஒரு சிறு விளக்கு போதுமானது.

இருக்கை: ஜப்பானியத் திண்டுகளில் மரபாக அடைக்கப்படுவது நமக்கு நன்கு பழகிய இலவம்பஞ்சே. ஒரு கனத்த சமுக்காளத்தை நான்காக மடித்து, அதன்மேல் கெட்டியான தலையணையை வைத்தால் போதும். இடுப்பு முழங்கால்களைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். மூட்டு வலி உள்ளோர் சாய்வின்றி நாற்காலியில் அமரலாம்; அதில் குறை ஏதுமில்லை.

ஓசை: தண்ணீர் லாரியும், மேல்தளத்தில் நாற்காலி இழுபடுவதும், குக்கரின் விசிலும் நம் கட்டுப்பாட்டில் இல்லை. அவை வரும், போகும்; அவற்றைக் கேட்டவாறு மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. கைப்பேசி மட்டும் வேறு அறையில் இருக்கட்டும். அது வெறும் ஓசையன்று, அழைப்பு.

இடம் யாருடையது?

மேற்கூறிய அனைத்தையும் அளந்து பார்த்தும், எம் இல்லத்தில் இருமுறை இடம் தவறியது. முதலில் பூசையறை, அங்குக் காலையில் விளக்கேற்றும் அன்னையார் கதவருகே காத்து நிற்க நேர்ந்தது. அடுத்துப் பால்கனி, துணி உலர்த்தும் கொடிக்கும் புறாக்களுக்கும் இடையே அது ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவதாகப் படுக்கையறையில், பீரோவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட மூலை அமைந்தது. காலை 6.30 முதல் 25 நிமிடம்.

பத்து நாள் கழித்து மனைவி அமைதியாகக் கேட்டார்: "உங்களுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு?"

அப்போதுதான் விளங்கிற்று. அந்த 25 நிமிடமும் சமையலறையில் மதிய உணவுப் பெட்டிகள் நிரம்பும் நேரம். பிள்ளை சீருடை தேடும் நேரம். யாம் கண்ட அமைதியின் சுமையைச் சுவருக்கு அப்பால் ஒருவர் சுமந்துகொண்டிருந்தார். ஒன்பது சதுர அடியை அளந்த யாம், அந்த நேரம் எவருடையது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது அமர்வு 5.30 மணிக்கு. உணவுப் பெட்டிகள் நிரப்புவது எம் பொறுப்பு. மாலையில் அதே மூலை மனைவிக்கு உரியது. அந்நேரம் பிள்ளையின் வீட்டுப்பாடம் எம்மிடம். அங்கு அவர் தியானம் செய்கிறாரா, வெறுமனே அமர்ந்திருக்கிறாரா என்று யாம் கேட்பதில்லை.

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

முதலில் வீட்டாருடன் பேசுங்கள். பின்னரே விரிப்பை விரியுங்கள். தெரிவு செய்த இடத்தில் ஒரு வாரம் 10 நிமிடம் மட்டும் அமர்ந்து, அங்கு யாருக்கேனும் இடையூறு நேர்கிறதா என்று கவனியுங்கள். நேர்ந்தால் இடத்தையோ நேரத்தையோ மாற்றுங்கள். நிலைத்தபின் மாற்றாதீர்கள், கால அளவை மெல்ல 25 நிமிடமாக்குங்கள். விரிப்பை மடித்து வைக்க வேண்டிய சிறு வீடாயின், தினமும் ஒரே தட்டில் மடித்து வையுங்கள்; விரிப்பதும் மடிப்பதும் பயிற்சியின் பகுதிகளே.

தொடர் வைப்புக் கணக்கு வைத்திருப்போர் அறிவர்: தொகை சிறிதாயினும் தவணை தவறாமையே அதன் வலிமை. இங்கும் அவ்வாறே. அந்தத் தவணையில் வீட்டார் அனைவருக்கும் பங்கு உண்டு என்பதை மறவாதிருந்தால், பாதிப் பாய் அளவு இடமும் நீண்ட காலம் நிலைக்கும்.