ஊதியம் பெறாத ஆசிரியை
நேபாளக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டரிடம் நாம் கற்கக்கூடியவை



நோயைக் குணப்படுத்துவது வைத்தியருடைய வேலை. நோய் வராமற் காப்பதும், வந்துவிட்டால் முதல் நாளிலேயே செய்யவேண்டியதைச் செய்வதும் வீட்டாருடைய வேலை. இந்த இரண்டாவது வேலையை வீட்டாருக்குக் கற்பிப்பவர் யார்? வைத்தியசாலை அண்மையில் இருந்தால் இக்கேள்வி பெரிதாகத் தோன்றாது. மலையேறி இறங்கிப் பல மணி நேரம் நடந்தே வைத்தியசாலையை அடையவேண்டிய ஊர்களில் இது குழந்தைகளின் உயிரைப் பற்றிய கேள்வி. இதற்கு நேபாள நாடு கண்ட விடையை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்தத் தொண்டர்?

நேபாள அரசு 1988-ம் ஆண்டில் பெண் சமூக சுகாதாரத் தொண்டர் திட்டத்தை 27 மாவட்டங்களில் ஆரம்பித்தது. பின்னர் அது நாடு முழுவதற்கும் விரிவடைந்தது. இன்று ஏறத்தாழ 50,000 பெண்கள் இப்பணியில் இருக்கின்றனர். இவர்கள் நகரத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களல்லர். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள தாய்மார் குழு, தம்முள் ஒருவரையே தெரிவு செய்கின்றது. அடிப்படைப் பயிற்சி 18 நாட்கள். மாதச் சம்பளம் கிடையாது.

முற்காலத்தில் தெரிவானவர்களிற் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே பாடங்கள் படங்களாக வரையப்பட்டன. அவர்கள் குறிப்பெழுதும் பதிவேடும் படங்களைக் கொண்டே அமைக்கப்பட்டது. படிப்பில்லை என்பதற்காக ஒரு தாய் ஒதுக்கப்படவில்லை. அவரால் இயலும் வழியிற் கல்வி அவரிடம் கொண்டுசெல்லப்பட்டது.

அவருடைய ஒரு நாள்

மலைக் கிராமத்துத் தொண்டர் ஒருவரின் நாளைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அவரும் ஒரு குடும்பத் தலைவி. பொழுது புலருமுன் தண்ணீர் அள்ளவேண்டும். எருமைக்குப் புல் அறுக்கவேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பருப்பும் சோறும் சமைத்து வீட்டாருக்குப் பரிமாறவேண்டும். அதன் பின்னர்தான் தொண்டு.

மேட்டு வீட்டில் ஒரு மருமகள் கருவுற்றிருக்கிறாள். அவள் கிளினிக்குக்குப் போனாளா, இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காக விழுங்குகிறாளா என்று விசாரிக்கிறார். மற்றொரு வீட்டிற் பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமோ எண்ணெயோ பூசாதபடி எச்சரிக்கிறார். வேறொரு குழந்தைக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்டுகிறார். மாதத்துக்கொரு முறை தாய்மார் குழுவைக் கூட்டி, ஒரு பாடத்தைப் படங்காட்டி விளக்குகிறார்.

இவற்றுள் எதுவும் பெரிய வைத்தியமன்று. ஆனால் காலம் எப்போதும் அவருக்கு இசைந்து வருவதில்லை. நேபாளியர் அசார் என்றழைக்கும் மாதம், நமது ஆனி. மழை தொடங்கி, வயலில் நாற்று நடும் காலம் அதுவே. வயிற்றோட்டம் பரவும் காலமும் அதுவே. தன் வயலில் கைகள் அதிகம் வேண்டப்படும் நாட்களிலேதான் அயலவரின் குழந்தைகளுக்கும் அவர் அதிகம் வேண்டப்படுகிறார்.

செய்து காட்டும் பாடம்

வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் ஓட்டம் கூடும் என்பது பல நாடுகளில் வேரூன்றிய தவறான எண்ணம். வீட்டுப் பெரியவர்களே அன்பினால் தண்ணீரையும் பாலையும் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறும் நீரினதும் உப்பினதும் இழப்பே.

இங்கே தொண்டர் மாமியாரோடு வாதாடினால் அந்த வீட்டுக் கதவு மறுமுறை திறவாது. அவர் ஒரு பக்கற் ‘ஜீவன் ஜல்’ எடுத்து வருகிறார். நம் நாட்டில் நாம் ‘ஜீவனி’ என்று பாவிக்கும் அதே வகை உப்புச் சீனிக் கலவைதான். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்து, பக்கற்றில் குறிப்பிட்ட அளவு சுத்தமான நீரை அளக்கச் செய்து, கலவை முழுவதையும் அதிற் கொட்டிக் கரைக்கச் சொல்கிறார். கரைப்பவர் தாய், தொண்டர் பக்கத்திலிருந்து பார்ப்பவர் மாத்திரமே. பின்பு கரண்டி கரண்டியாகப் பருக்கச் சொல்கிறார். குழந்தை சத்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மெதுவாகக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கரைத்த நீரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

சீனி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குடலினுள் சீனியும் உப்பும் ஒன்றாகவே உள்ளிழுக்கப்படுகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்கிறது. ஆகவே அளவு முக்கியம். நீர் குறைந்தால் கலவை கடுமையாகித் தீங்கு செய்யும். கூடினால் பயன் குறையும்.

எப்போது தன் பாடம் போதாது என்பதையும் அவர் கற்பிக்கிறார். மலத்தில் இரத்தம், வலிப்பு, குடிக்க இயலாமை, குழந்தை சோர்ந்து மயங்கிக் கிடத்தல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

சித்திரையும் ஐப்பசியும்

1991-ம் ஆண்டில் நேபாளத்தின் சர்லாகி மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்றின் முடிவு வெளியானது. சிறுவருக்கு விற்றமின் ஏ ஒழுங்காகக் கொடுத்தபோது மரணங்கள் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தன. மாலைக்கண் நோயைத் தடுக்கும் மருந்து உயிரையும் காக்கிறதென்பது தெளிவாயிற்று. 1993 தொடக்கம் இந்த மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு தொண்டர்களின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கு இரு முறை, சித்திரையிலும் ஐப்பசியிலும், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளை அழைத்து, குளிசையின் நுனியைக் கத்தரித்துத் துளிகளை வாயிற் பிழிந்துவிடுகிறார்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியூர் உத்தியோகத்தருக்கு அது எப்படித் தெரியும்?

1996-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நேபாளத்திற் பிறந்த 1,000 குழந்தைகளில் 118 பேர் ஐந்து வயதை எட்டுமுன் இறந்தனர். 2022-ல் அது 33 ஆகக் குறைந்தது. தெருக்கள், பள்ளிக்கூடங்கள், வைத்தியசாலைகள் ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு. எனினும் வீட்டு வாசல்வரை சென்ற இப்பெண்களின் பங்கை எவரும் மறுக்கவில்லை.

நியாயமான ஒரு கேள்வி

தொண்டைப் புகழ்வது இலகு. அதன் சுமையையும் நாம் பார்க்கவேண்டும். ஆரம்பத்திற் கொடுக்கப்பட்ட சிறு படியும் பின்னர் நிறுத்தப்பட்டது. பயிற்சி நாட்களுக்கான படி, உடைக்கான ஆண்டுக் கொடுப்பனவு போன்றவை மாத்திரமே கிடைக்கின்றன. வேலைகளோ ஆண்டுக்காண்டு கூடியுள்ளன. ஏழைப் பெண்களின் இலவச உழைப்பின் மீது ஒரு நாட்டின் சுகாதாரத்தைக் கட்டலாமா? தொண்டர்களே இக்கேள்வியை எழுப்பி ஊதியம் கேட்டுள்ளனர். சம்பளம் வந்தால் ஊராரின் மதிப்புக் குறைந்து, அரசாங்க ஊழியராகிவிடுவோம் என்று அஞ்சியவர்களும் அவர்களிடையே உண்டு. எதுவாயினும், ஒருவர் மனமுவந்து கொடுப்பதை மற்றவர் உரிமையோடு வாங்கிக்கொண்டே போவது நீதியாகாது. தொண்டரின் வயலில் ஒரு நாள் நாற்று நட அயலவர் போனால், அதுவும் குழந்தைகளைக் காக்கும் பணியே.

நமக்குரிய பாடம்

முதலாவது, நல்ல ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டியதில்லை. தெரிந்த சிலவற்றைத் தவறின்றித் தெரிந்திருக்கவேண்டும். தெரியாத இடத்தில் நிறுத்தவும் தெரியவேண்டும். இரண்டாவது, கேட்ட பாடம் மறக்கும். தன் கையாற் செய்த பாடம் நிற்கும். மூன்றாவது, அயலவரின் நம்பிக்கையே மருந்துப் பெட்டியிலும் பெரிது. அதை ஒரு நாளிற் பெற முடியாது.

குடும்பத்தில் கலந்துரையாட

1. இன்றிரவு நம் வீட்டிற் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் முதலிற் செய்யவேண்டியது என்ன? அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுமா?

2. ஜீவனிப் பக்கற் ஒன்று வீட்டில் உண்டா? அதிற் குறிப்பிட்ட அளவு நீரை அளக்க எந்தப் பாத்திரத்தைப் பாவிப்பீர்கள்? பிள்ளைகளைக் கொண்டே ஒரு முறை அளந்து பாருங்கள்.

3. நம் அயலிற் கைம்மாறு கருதாது உழைப்பவர் யார்? அவருடைய சுமையில் எதனை இவ்வாரம் நாம் ஏற்றுக்கொள்ளலாம்?