நேற்று இனித்த தேத்தண்ணி இன்று ஏன் கசக்கிறது?

சுங்காயில் ஓர் ஒட்டுக்கடை என்று வைத்துக்கொள்வோம். கலக்குபவர் அதே ஆள். அதே டின் பால், அதே கரண்டி. திங்கட்கிழமை "அண்ணே, கடுப்பா இருக்கு, கொஞ்சம் சீனி போடுங்க" என்று கேட்டவர், செவ்வாய்க்கிழமை அதே தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் "திகட்டுது" என்கிறார். மாறியது தேத்தண்ணியா, நாக்கா?

தேத்தண்ணியும் மாறக்கூடியதுதான். தேயிலை அதிக நேரம் ஊறினால் டானின் கூடுதலாக இறங்கி, கசப்பும் துவர்ப்பும் ஏறும். டின் பால் சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும். முதல் மடக்கு சப்பென்றும் கடைசி மடக்கு பாகு போலவும் இருக்கும். (தே தாரேக்கை இழுத்து ஆற்றுவது நுரைக்காக மட்டுமல்ல!) ஆனால் எல்லாவற்றையும் நிறுத்து அளந்து போட்டாலும் சுவை நாளுக்கு நாள் மாறத்தான் செய்யும்.

காரணம், நாக்கு தராசைப் போல அளப்பதில்லை. சற்று முன் வாயில் இருந்ததோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. நாக்கின் சுவை மொட்டுகளில் உள்ள உயிரணுக்களில் உணர்வேற்பிகள் இருக்கின்றன. ஒரே சுவை தொடர்ந்து பட்டால் அவை மூளைக்கு அனுப்பும் செய்தி குறைந்துகொண்டே போகும். நம் உமிழ்நீரில் எப்போதும் உப்பு இருக்கிறது. அது நமக்குக் கரிக்கிறதா என்ன? அதே போல, இனிப்புப் பலகாரம் ஒன்றைச் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதில் சீனியே இல்லாதது போலத் தோன்றும். காலையில் பல் விளக்கியவுடன் ஆரஞ்சுச் சாறு குடித்தால் கசக்கும். பல பற்பசைகளில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட், இனிப்புணர்வைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்திவிடுகிறது. பாட்டி வைத்தியத்தில் வரும் சிறுகுறிஞ்சான் இலை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதை மென்றபின் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் இனிப்பு உணர்வேற்பிகளை அடைத்துக்கொள்கிறது. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் நடக்கும். பெரிய நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் மலாக்கா மரம் என்று அழைப்பது இந்த நெல்லியைத்தான். மலாக்கா நகரின் பெயரே இதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தண்ணீருக்குச் சுவை கிடையாது. ஆனால் புளிப்புக்குப் பழகிவிட்ட நாக்கில், அந்த அமிலத்தைக் கழுவிக்கொண்டு போகும் தண்ணீர் இலேசாக இனிக்கும். நம் தீபகற்பத்துக் காடுகளில் வளரும் லெம்பா என்ற செடியின் சிறு பழம் இதையும் மிஞ்சும். அதைச் சுவைத்தால் முதலில் இனிக்கும். இனிப்பு மறைந்தபின் வெறும் தண்ணீர் குடித்தாலும் புளிப்பு எதையாவது தின்றாலும் மறுபடியும் இனிக்கும். அதற்குக் காரணமான கர்குலின் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்டார்கள். (காட்டில் அடையாளம் தெரியாத பழம் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது.)

அடுத்தது சூடு. இனிப்பு, கசப்பு ஆகிய செய்திகளை அனுப்பும் உயிரணுக்களில் டிஆர்பிஎம்5 என்ற புரதக் கதவு உண்டு. 15 பாகை செல்சியஸிலிருந்து 35 பாகைக்குச் சூடு ஏற ஏற அது அதிகமாகத் திறக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். குளிரில் இனிப்பு ஒளிந்துகொள்கிறது. தே ஐஸுக்கு டின் பால் கூடுதலாக ஊற்றுவது இதனால்தான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சார்சி நன்றாக இருக்கும். அதையே வெளியில் மறந்து வைத்துவிட்டுக் குடித்தால் பாகு போலத் திகட்டும். சீனி ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

உடலின் தேவையும் குறுக்கே வரும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட வந்தவருக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் தனி ருசியாக இருந்திருக்கும். வியர்வையில் உப்பை இழந்த உடல் உப்பை விரும்பும். விளையாட்டு முடிந்து வருகிற உங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த மாற்றங்கள் வேடிக்கையானவை மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. அதே ஆண்டு ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள போத்தல், டின் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. ஒட்டுக்கடைத் தேத்தண்ணிக்கு அந்த வரி கிடையாது. அங்கே அளவைத் தீர்மானிப்பது குடிப்பவரின் நாக்குதான். டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. அதற்கு மேல் "இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்கவைப்பது, சற்று முன் தின்ற பலகாரமாக இருக்கலாம். நாக்கைத் திருப்பிப் பழக்கவும் முடியும். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சீனியைக் குறைத்து உண்டவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களில் அதே பண்டம் முன்பைவிட அதிகமாக இனித்தது. ஆனால் இனிப்பின் மீதுள்ள ஆசை மட்டும் குறையவில்லை!

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 200 மில்லிலிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சீனியைக் கரையுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மடக்குக் குடித்து, இனிப்புக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று எழுதுங்கள். மறுநாள் ஒரு மிட்டாய் தின்றபின், அதற்கடுத்த நாள் ஐஸ் போல குளிர வைத்து என்று ஒரு வாரம் செய்யுங்கள். சளி பிடித்த நாளையும் விட்டுவிடாதீர்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு, தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம். சீனித் தண்ணீருக்கு மணம் கிடையாது என்பதால் அன்றும் புள்ளி அவ்வளவாகக் குறையாது. அதே நாளில் தேத்தண்ணி மட்டும் வெந்நீர் போலத் தோன்றினால், குறை நாக்கில் இல்லை, மூக்கில்.