ஃபார்மட் பண்ணும் முன்னே: வீட்டுக் கணினிக்கு ஒரு பாடம்



இந்த முறை பாடம் கணினியைப் பற்றியது. நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. "இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளதானே, இந்த கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாரு" என்று சொந்தக்காரர்கள் கூப்பிடுவது உங்களில் பலருக்கும் பழகியிருக்கும். போன விடுமுறையில் எங்கள் வீட்டுக் கணினியே வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டது. அதைச் சரி செய்யும்போது நான் கற்றதையும், நான் தப்புப் பண்ணின இடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என்ன நடந்தது?

ஜொகூரிலிருந்து கிள்ளானுக்கு வந்த மறுநாள் காலை. பெரியம்மா அம்மாவுக்குப் போன் போட்டார். "ஏண்டி, முகநூல்ல 500 வெள்ளி கேட்டிருக்க. என்ன அவசரம்? நேர்ல கேட்க மாட்டியா?" அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் யாரிடமும் காசு கேட்கிற ஆளே இல்லை. நல்ல வேளை, பெரியம்மா பணம் அனுப்புவதற்கு முன் போன் செய்தார்.

நான் கணினியைத் திறந்தேன். பிரௌசரில் தெரியாத தேடல் பக்கம் வருகிறது. மூலையில் விளம்பரம் குதிக்கிறது. எதுவும் ஓடாதபோதே விசிறி உறுமுகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அணைந்து கிடக்கிறது. போட்டால் மறுபடியும் அணைகிறது.

உடனே தம்பியைப் பிடித்தேன். படிவம் 4 படிக்கிறான். "என்னடா டவுன்லோட் பண்ண? கேம்தானே?"

"நான் ஒன்னும் பண்ணலக்கா."

"பொய் சொல்லாத. இந்த வீட்டுல வேற யாரு கேம் விளையாடுறா?"

அப்பாவும் சேர்ந்து ஏசினார். அவன் சாப்பிடாமல் அறைக்குள் போய்விட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கேதான் திரும்பி வருவேன்.

ஏன் முழுசாகத் துடைக்க வேண்டும்?

"ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் பண்ணினா போதாதா?" என்று அப்பா கேட்டார். சின்னச் சின்ன விளம்பர நிரல்களுக்கு அது போதலாம். ஆனால் ஒரு கெட்ட நிரல் நிர்வாகி உரிமையோடு ஓடிவிட்டால், பாதுகாப்பை அணைக்க அதனால் முடியும். கணினி திறக்கும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ளும்படி பல இடங்களில் ஒளிந்துகொள்ளவும் முடியும். அதற்குப் பிறகு "வைரஸ் இல்லை" என்று அந்தக் கணினியே சொன்னாலும் எப்படி நம்புவது? திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, வீடு பத்திரமா என்று அவனிடமே கேட்கிற கதைதான்.

அதனால் வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நிச்சயமான வழி. அன்று இரவே ஃபார்மட் பண்ண உட்கார்ந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று, "தாத்தா பேசினது அதுலதான்மா இருக்கு" என்றார்.

எங்கள் தாத்தா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் கைக்குழந்தையாக இருந்த சமயம், லயத்து வாழ்க்கையை அவர் சாயங்காலங்களில் சொல்லச் சொல்ல அம்மா தட்டச்சு செய்தாராம். மொத்தம் 23 பக்கம். தாத்தா இப்போது இல்லை. அந்தக் கோப்புக்கு வேறு நகலும் இல்லை. அது டி டிரைவில் இருந்தது. "சி டிரைவைத்தானே துடைக்கப் போறோம்" என்று நினைக்காதீர்கள். பல வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள். எல்லாப் பகுதியையும் நான் அழித்திருந்தால் தாத்தாவும் போயிருப்பார்.

கையை எடுத்துவிட்டேன். முறையாகச் செய்வோம் என்று முடிவு பண்ணினேன்.

படி 1: இணையத்தைத் துண்டியுங்கள்

வயர் என்றால் பிடுங்குங்கள், வைஃபை என்றால் அணையுங்கள். கெட்ட நிரல் திருடியதை வெளியே அனுப்புவதும், வெளியிலிருந்து கட்டளை வாங்குவதும் இணையம் வழியாகத்தான்.

படி 2: கடவுச்சொற்களை வேறு கருவியில் மாற்றுங்கள்

பாதிக்கப்பட்ட கணினியில் மாற்றினால் புதுக் கடவுச்சொல்லும் திருடன் கைக்குப் போகலாம். அதனால் கைப்பேசியில் மாற்றினோம். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். அடுத்து வங்கி, பிறகு முகநூல். மாற்றினால் மட்டும் போதாது. "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியையும் அழுத்துங்கள். பிரௌசரில் இருக்கும் குக்கியைத் திருடியவன் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே இருக்கலாம். கடைசியாக இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

பிறகு அம்மா குடும்பப் புலனக் குழுவில், "நான் யாரிடமும் காசு கேட்கவில்லை, அனுப்பாதீர்கள்" என்று குரல் பதிவு போட்டார். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்த ஆள் ஏமாறுவார். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் தங்கள் வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் அழைக்க வேண்டும். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் செய்யலாம்.

படி 3: காப்பாற்ற வேண்டியதைத் தேடுங்கள்

பாடத்தின் முக்கியப் பகுதி இதுதான். விண்டோஸை இன்னொரு முறை இறக்கலாம். மென்பொருளை இன்னொரு முறை போடலாம். நீங்களே உருவாக்கிய கோப்பை எங்கிருந்தும் திரும்ப இறக்க முடியாது.

பாதிக்கப்பட்ட விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைச் செருகினால் அதற்கும் தொற்றலாம். அதனால் தோழி வீட்டுக் கணினியில் உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி வந்து, அதிலிருந்தே எங்கள் கணினியைத் தொடங்கினேன். "நிறுவாமல் முயன்று பார்" என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் வட்டில் எதையும் மாற்றாமல் லினக்ஸ் ஓடும். விண்டோஸ் தூங்கும், கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும்.

வீட்டில் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். நான் தனியாகப் பட்டியல் போட்டிருந்தால் படங்களையும் என் பாடக் குறிப்புகளையும் மட்டும்தான் எடுத்திருப்பேன். அப்பா கேட்டபோதுதான் அவருடைய ஏர்கோன் சர்வீஸ் கணக்கு எக்செல் கோப்பாக டெஸ்க்டாப்பில் இருப்பது தெரிந்தது. தம்பி கதவைத் திறக்காமலே, "என் வரலாறு ஃபோலியோ டாக்குமென்ட்ஸ்ல இருக்கு" என்றான்.

படம், ஆவணம், காணொளி ஆகியவற்றை எடுங்கள். நிறுவும் நிரல்களையும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஜிப் கோப்புகளையும் எடுக்காதீர்கள். வைரஸையும் சேர்த்து மூட்டை கட்டியதாகிவிடும்.

அம்மாவின் கோப்பைத் திறந்தபோது நெஞ்சு திக்கென்றது. 23 பக்கமும் ஆங்கில எழுத்தும் வினோதக் குறியும்தான், ஒரு தமிழ் எழுத்து இல்லை. வைரஸ் தின்றுவிட்டதோ என்று பயந்தேன். காரணம் வேறு. ஒருங்குறி, அதாவது யூனிகோட், பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துகளை வேறு எழுத்துகளுக்குரிய எண்களில் பொருத்தி வைத்திருந்தார்கள். திஸ்கி போன்று பல முறைகள் புழக்கத்தில் இருந்தன. அம்மா பயன்படுத்திய எழுத்துரு கணினியில் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். உபுண்டுவில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அது சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருந்தது. அதையும் சேர்த்து எடுத்தேன். கோப்பை மட்டும் காப்பாற்றி எழுத்துருவைத் துடைத்திருந்தால், கையில் இருந்தும் படிக்க முடியாமல் போயிருக்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய தமிழ்க் கோப்புகள் இருக்கலாம். திருமண அழைப்பிதழ், தோட்டத்து நினைவுகள், ஆலயக் கூட்டக் குறிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகலெடுத்தேன். சிலவற்றைத் திறந்தும் பார்த்தேன். திறந்து பார்க்காத நகலை நம்பாதீர்கள்.

படி 4: புது விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11-ஐப் போட்டேன். இதற்கு டிபிஎம் 2.0, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு இருக்க வேண்டும். செயலியும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும். கணினி பழசு என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை யோசிக்கலாம்.

சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள காலிப் பென் டிரைவில் ஏற்றுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். பிறகு நகல் எடுத்த வட்டுகளைக் கழற்றி மேசை மேல் வையுங்கள். அவசரத்தில் அதையே துடைத்தவர்கள் உண்டு.

கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப், டிலீட் என்று அந்தந்தக் கணினிக்குரிய பொத்தானை அழுத்திப் பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். உரிம எண் கேட்டால் "என்னிடம் இல்லை" என்று கொடுக்கலாம். அதே கணினியில் முன்பு முறையான விண்டோஸ் இருந்து, அதே பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், இணையத்தில் சேர்ந்தபின் பொதுவாகத் தானே உரிமம் உறுதியாகும். வட்டின் பகுதிகள் பட்டியலாக வரும்போது ஒவ்வொன்றாக அழித்து, எல்லாம் ஒதுக்கப்படாத இடமாக மாறியபின் தொடருங்கள். எங்கள் வீட்டில் இது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படி 3-க்கு இரண்டு நாள் ஆனது.

படி 5: திரும்ப வராமல் இருக்க

முதலில் விண்டோஸ் அப்டேட். பாதுகாப்பு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, நகல்களை ஸ்கேன் செய்தபின் கோப்புகளைத் திரும்பப் போடுங்கள். தினசரி வேலைக்கு எல்லாருக்கும் சாதாரணக் கணக்கு; நிர்வாகிக் கணக்கு தனியாக. கோப்பின் பின்னொட்டு தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு வரும் நிரல் அப்போது மாட்டிக்கொள்ளும்.

நகலுக்கு 3-2-1 என்றொரு விதி உண்டு: 3 நகல், 2 வகை சாதனம், 1 நகல் வீட்டுக்கு வெளியே. தாத்தாவின் 23 பக்கத்தையும் எழுத்துருவோடு திறந்து, ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றியில் தப்பிய பிழைகளை அம்மாவே உட்கார்ந்து திருத்தினார். இப்போது ஒரு நகல் கணினியில், ஒன்று வெளி வட்டில், ஒன்று பெரியம்மா வீட்டில். பெரியம்மா படித்துவிட்டுப் போனில் அழுதார்.

வைரஸ் எப்படி வந்தது?

உபுண்டுவில் டவுன்லோட்ஸைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். தம்பியின் கேம் எதுவும் இல்லை. முந்தைய விடுமுறையில் இறங்கிய ஒரு ஜிப் கோப்பு இருந்தது. பாட வேலைக்காக ஒரு வரைபட மென்பொருளைக் காசு கொடுக்காமல் உடைத்துப் போட நான் இறக்கியது. "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று அதில் எழுதியிருந்தது. அணைத்ததும் நான்தான். அந்த வாரம் தம்பி வீட்டிலேயே இல்லை, பள்ளி முகாமுக்குப் போயிருந்தான்.

அதுதான் காரணம் என்று நூறு சதவீதம் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் கதவைத் திறந்து வைத்தவள் நான் என்பதில் சந்தேகமில்லை. இத்தனைக்கும் பல வரைபட மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஃப்ரீகேட் போன்றவை எல்லாருக்குமே இலவசம். தேட எனக்குப் பொறுமை இல்லை.

சாப்பாட்டு மேசையில், அப்பா அம்மா முன்னாலேயே சொன்னேன். "தம்பி ஒன்னும் பண்ணல. நான்தான். மன்னிச்சுக்கடா."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த தடவ மொதல்ல தேதியப் பாருக்கா, அப்புறம் ஏசு" என்றான். அப்பாவும் அவன் தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைத்தார்.

வீட்டில் கணினி கெட்டால் பழியைத் தூக்கி இளையவர் தலையிலோ, "ஒன்னும் தெரியாது" என்று வயதானவர் தலையிலோ போடுவது சுலபம். ஆனால் பயந்த ஆள் அடுத்த முறை நடந்ததைச் சொல்ல மாட்டார். சொல்லாவிட்டால் சேதம் கூடும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் கணினியில், தொலைந்தால் திரும்பக் கிடைக்காத 5 கோப்புகள் எவை? வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

2. அவற்றுக்கு எத்தனை நகல் இருக்கிறது? ஒன்றைத் திறந்து பாருங்கள்.

3. பழைய தமிழ்க் கோப்பு இருந்தால் ஒருங்குறியில் திறக்கிறதா என்று சோதியுங்கள்.

4. நீங்களே உடைத்துப் போட்ட மென்பொருள் ஏதாவது இருக்கிறதா? அதற்கு இலவச மாற்று ஒன்றைத் தேடுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் பட்டியலைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.