யோனாவும் வர்ணப் பென்சிலும்

பத்து வயது வரையில் மனப்பாட வசனங்களை மூச்சுவிடாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை, பதினான்காவது வயதில் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் தூண் மறைவில் உட்கார்ந்துகொண்டு, பிரசங்கம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பதை, ஓய்வுநாள் பள்ளியில் சில வருஷங்களாவது பாடம் நடத்திய எவரும் கண்டிருப்பர். இதைப் பக்திக் குறைவு என்று சொல்லிப் பெற்றோர் வருந்துகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அதுகாறும் வேதத்தை நம்முடைய குரலில், நம்முடைய வியாக்கியானத்தோடு, நம்முடைய அவசரத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதைத் தன் கண்ணால் நின்று நிதானித்துப் பார்க்கும் சந்தர்ப்பத்தை நாம் கொடுக்கவேயில்லை. அதைக் கொடுப்பதற்குரிய உபாயங்களில் ஒன்றுதான், வாசித்த பகுதியைக் கையால் எழுதி, அதன் அருகே கோடும் வர்ணமுமாகத் தன் மனத்தில் பட்டதைப் பதிந்துவைக்கும் சித்திரக் குறிப்பேடு.

இது நேற்று முளைத்த விளையாட்டு என்று எண்ண வேண்டியதில்லை. சிங்காசனம் ஏறும் ராஜா, நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென்று எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்பது உபாகமம் 17-ஆம் அதிகாரத்தின் கட்டளை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத் தீவு மடம் ஒன்றில் ஏறத்தாழ 700-ஆம் ஆண்டில் எழுதிச் சித்திரம் தீட்டிய லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷப் பிரதியில், பத்தாம் நூற்றாண்டின் ஆல்ட்ரெட் என்ற குருவானவர், லத்தீன் வரிகளின் இடைவெளியில் பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிவைத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியதும், கேட்ட வேதத்தைத் தமக்குக் கைவந்த கலையில் திருப்பிச் சொல்லும் அதே ஆசையினால்தான்.

முதலில் சாமான்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வேதாகமத்தின் ஓரங்களிலேயே வரையலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் யோசனை. அந்தக் காகிதம் பெரும்பாலும் 40 ஜி.எஸ்.எம்-க்கும் குறைந்த மெல்லிய தாள். நான் இந்த முயற்சியைத் தொடங்கிய வருஷத்தில் ஒரு பையன், பாட்டியின் வேதாகமத்தில் ஸ்கெட்ச் பேனாவால் யோனாவின் சமுத்திரத்தை நீலமாய்த் தீட்ட, அது மறுபக்கம் ஊறி மீகாவின் முதல் அதிகாரத்தையும் முழுக்கடித்தது. அந்த அம்மாளிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. அன்றியும், வேதபுத்தகத்தில் பேனா படுவதே தகாது என்று கருதும் மூத்தோர் நம் சபைகளில் உண்டு. அவர்களுடைய மரியாதையைக் குலைத்து ஒரு நல்ல காரியத்தைத் தொடங்க வேண்டிய அவசியம் என்ன? ஆகவே, கோடு போடாத தடித்த டிராயிங் நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர், பன்னிரண்டு வர்ணப் பென்சில்கள், ஒரு கறுப்புப் பேனா, இவை போதும். மினுமினுப்புத் தூளையும் ஒட்டுப்படங்களையும் வாங்கவே வேண்டாம்; வாங்கினால் பிள்ளைகள் அவற்றைத்தான் பார்ப்பார்கள், வசனத்தைப் பார்க்கமாட்டார்கள்.

அடுத்தது, பகுதியைத் தேர்ந்தெடுப்பது. ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் கைவிட்டவர்களை எண்ணி மாளாது. தொடக்கத்துக்கு யோனாவின் புஸ்தகத்துக்கு நிகரில்லை: நான்கே அதிகாரங்கள், நாற்பத்தெட்டே வசனங்கள், கப்பல், புயல், மீன், பட்டணம், செடி, பூச்சி என்று பக்கத்துக்குப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, தேவனோடு கோபித்துக்கொள்ளும் ஒரு கதாநாயகன். அதிகாரத்துக்கு ஒரு வாரமாக நான்கு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாரமும் கிரமம் ஒன்றே, இதை மாற்றலாகாது. அதிகாரத்தை இரண்டு முறை உரக்க வாசிக்கச் செய்யுங்கள், இரண்டாம் முறை வேறொரு பிள்ளையின் குரலில். பிறகு ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த, அல்லது தம்மை உறுத்திய, மூன்று வசனங்களை இடப்பக்கத்தில் கையால் எழுதட்டும். அவசரப்படும் கண் தாண்டிப்போகும் சொல்லின் மேல் எழுதும் கை நின்றுதான் ஆக வேண்டும். இந்த முயற்சியின் ஜீவநாடி இந்தக் கால்மணி நேரத்தில் இருக்கிறது, வர்ணத்தில் அல்ல. மூன்றாவதாக, திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு வட்டமும், விளங்காத சொல்லுக்குக் கேள்விக்குறியும் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே வலப்பக்கத்தில் சித்திரம், அரைமணி நேரம். கடைசியாகச் சித்திரத்தின் கீழே தேவனுக்கோ யோனாவுக்கோ இரண்டு வரி எழுதித் தேதி போட வேண்டும். வரைய வராத பிள்ளை பாட்டு எழுதட்டும், வில்லுப்பாட்டு மெட்டில் கதையைச் சொல்லட்டும், எழுத்துகளையே அழகுபட வரையட்டும்.

முதல் வாரத்தில் சித்திரத்துக்குப் பதில் ஒரு வரைபடம் போடச் சொல்வது என் வழக்கம். யோப்பா என்பது இன்றைய டெல் அவீவ் நகரை ஒட்டிய யாஃபா துறைமுகம். நினிவேயோ வடகிழக்கே, டைக்ரிஸ் நதிக்கரையில், இன்றைய ஈராக்கின் மோசூல் நகரத்துக்கு எதிரே மண்மேடாய்க் கிடக்கிறது. தர்ஷீஸ் மேற்கே, ஸ்பெயின் கரையில் இருந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து. இந்த மூன்று புள்ளிகளையும் குறித்து, போகச் சொன்ன வழியைப் பச்சையிலும் போன வழியைச் சிவப்பிலும் கோடிட்டவுடன், "இவர் எதிர்த்திசையில்லா போறார்!" என்று ஒரு பிள்ளையாவது கத்தும். அதை நாம் பிரசங்கித்திருந்தால் கொட்டாவிதான் கிடைத்திருக்கும்.

இரண்டாம் வாரத்தில் பாதிப் பேர் தலையில் நீரூற்று பீச்சும் திமிங்கிலத்தை வரைவார்கள். திருத்தாதீர்கள், வசனத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பது "பெரிய மீன்" மாத்திரமே. கப்பலின் கீழ்த்தட்டிலிருந்து பர்வதங்களின் அடிவாரம் வரை யோனா கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டேயிருப்பதைக் கவனித்த ஒரு பெண், மீனையே விட்டுவிட்டுப் பக்கம் முழுவதும் ஒரு படிக்கட்டை வரைந்தாள். மூன்றாம் வாரத்துக்கு ஒரு பழைய சாக்கைக் கொண்டுபோங்கள். "இரட்டு" என்றால் என்ன என்ற கேள்விக்கு அதைத் தோளில் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல அகராதி கிடையாது.

நான்காம் அதிகாரத்தில் சற்றுத் தங்க வேண்டும். யோனாவுக்கு நிழல் கொடுத்தது ஆமணக்குச் செடி என்கிறது நம் தமிழ் வேதாகமம். எபிரெயச் சொல் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதில் பழங்காலத்திலேயே தகராறு உண்டு: கிரேக்க மொழிபெயர்ப்பு அதைச் சுரைக்கொடி என்றது, ஜெரோம் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் ஐவி என்னும் படர்கொடியாக மாற்ற, இன்றைய லிபியாவின் திரிப்போலி நகரமாகிய ஓயாவில் சபையார் பழகிய சொல் மாறியதற்காகக் கலகமே செய்தார்கள் என்று அகுஸ்தீன் அவருக்குக் கடிதம் எழுதினார். ஒரு செடியின் பெயருக்காக ஆலயத்தில் கூச்சல் போட்ட கதையைச் சொன்னால் கடைசிப் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். நம்மூர் வேலியோரத்திலிருந்து ஓர் ஆமணக்கு இலையைக் காம்போடு பறித்துச் சென்று மேஜைமேல் வையுங்கள் (விதையைக் கொண்டுபோகாதீர்கள், அது கொடிய விஷம்). விரல் விரித்த கை போன்ற அந்த இலையின் நரம்புகளைப் பிள்ளைகள் பார்த்து வரைந்துகொண்டிருக்கும்போதே அதன் ஓரங்கள் சுருண்டு தொங்கத் தொடங்கும். யோனாவின் ஆத்திரத்தை அந்த வாடல் நமக்காகப் பேசும். நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

வாயைத் திறக்காதிருப்பது, உள்ளபடியே, இந்தப் பணியில் பெரியவர்களுக்கு உள்ள ஒரே கடினமான வேலை. ஒரு வருஷம், உற்சாகமூட்டுவதாக நினைத்து, சிறந்த சித்திரத்துக்குப் பரிசு என்று அறிவித்தேன். பரிசு, பள்ளிக்கூடத்திலும் ஓவியப் பரிசு வாங்கும் பையனுக்கே போயிற்று. அடுத்த வாரம் ஐந்து பிள்ளைகள் வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதுமுதல் "நன்றாக இருக்கிறது" என்பதைக்கூடச் சொல்வதில்லை, "இதை ஏன் இங்கே போட்டாய்?" என்று மட்டும் கேட்கிறேன். காட்ட விரும்பாத பக்கத்தை மடித்து கிளிப் போட்டுக்கொள்ள உரிமை கொடுங்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக ஒரு பக்கத்தையும் படம் எடுக்காதீர்கள்; ஒருமுறை எடுத்தால், மறுவாரம் முதல் எல்லாரும் ஐயருக்குப் பிடித்த சித்திரத்தையே வரைவார்கள்.

நான்காம் வாரத்தின் முடிவில், கடைசி வலப்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். யோனாவின் புஸ்தகம் பதிலோடு முடிவதில்லை; லட்சத்து இருபதினாயிரம் ஜனங்களும் மிருகஜீவன்களும் உள்ள நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனா என்னும் பொருள்பட, தேவன் கேட்கும் கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. பதில் தோன்றும்போது அந்தப் பக்கத்தை நிரப்பட்டும்; அடுத்த மாதமானாலும் சரி, அடுத்த வருஷமானாலும் சரி. திடப்படுத்தல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் ஏழெட்டு மாதம் கழித்து அந்த நோட்டை என்னிடம் விரித்துக் காட்டினான். பக்கத்தின் நடுவில் சாக்குப் போர்த்திய ஒரு பசு, பெரிய கண்களோடு, நேரே நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே ஒரு வரியும் இல்லை.

"ஏன்டா, மனுஷரைக் காணோமே?" என்றேன்.

"அவங்களைத்தான் எல்லாரும் வரைஞ்சிட்டாங்களே சார்" என்றான்.