முழங்கால் ஜவ்வு கிழிந்ததா? ஆபரேஷனுக்கு முன்...

ஹைதராபாத் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் வழுக்கி விழுந்தாலும், மைதானத்தில் கால் திருகினாலும் இந்தக் குறிப்புகள் உதவும்.

• முதல் சில நாட்கள் துணியில் சுற்றிய ஐஸ் 15-20 நிமிடம் வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தேய்த்து உருவுவது, சுடுநீர் ஒத்தடம் வேண்டாம்.

• பாதம் மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

• எம்.ஆர்.ஐ. அறிக்கை மட்டுமே முடிவல்ல. எந்த ஜவ்வு, குருத்தெலும்பும் கிழிந்ததா, நடக்கையில் மூட்டு நழுவுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

• உள்பக்க ஜவ்வு பெரும்பாலும் பிரேஸ், பயிற்சியிலேயே ஆறிவிடும்.

• முன் சிலுவை ஜவ்வு கிழிந்த 121 இளைஞர்களை ஆராய்ந்த சுவீடன் ஆய்வு 2010-இல் வெளியானது. அதன் பிந்தைய தொடர் ஆய்வின்படி, முதலில் பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளிலும் ஆபரேஷன் தேவைப்படவில்லை.

• ஆபரேஷன் என்று முடிவானாலும், முதலில் வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீள வேண்டும். தொடைத்தசை வலுப்பெற வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதங்கள் பொறுங்கள்.

• இ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கு சனத்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அருகிலேயே உள்ளது. வேலையில் பட்ட அடி என்றால் விபத்தை நிர்வாகத்திடம் உடனே பதிவு செய்யுங்கள். ஓய்வுக் காலத்துக்குச் சுமார் 90 சதவீத ஊதியம் கிடைக்கும்.

அவசரப்பட்டு ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். பயந்து பயிற்சியை விடவும் வேண்டாம்.